தொண்ணூற்றாறு சன்னல்கள்

தண்ணீர் லாரியோடு சண்டை போட முடியாது என்பது ஜெகதாவுக்கு அன்று காலைதான் உறைத்தது. முன்பெல்லாம் லாரியில் ஒரு டிரைவர் இருப்பான், ஒரு கிளீனர் இருப்பான். கதவைத் தட்டிக் கீழே இறக்கி நறுக்கென்று நாலு கேள்வி கேட்கலாம். இப்போது வருவது தானே ஓடி வந்து, தானே நின்று, தானே குழாயை நீட்டுகிற லாரி. அதன் நெற்றியில் ஒரு ஒலிபெருக்கி. அதற்குள் ஒரு பெண்குரல், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லும்.

"புதுக்கரைக் குடியிருப்பு ஆறாம் பிளாக் மக்களுக்கு வாழ்த்துகள். உங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று சன்னல் கீரை சான்று அளித்துள்ளது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் லாரிக் குடிநீர் நிறுத்தப்படும். வாழ்த்துகள்."

இரண்டு வாழ்த்து. ஜெகதா பாதி நிரம்பிய குடத்தை இறக்கி வைத்துவிட்டு லாரியின் பம்பரில் ஓங்கி ஒரு உதை விட்டாள். அவள் கால்தான் வலித்தது. லாரி, "தயவுசெய்து ஓரடி தள்ளி நிற்கவும்" என்றது.

ஆறாம் பிளாக்கில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று குழாய்த் தண்ணீர். பழைய குப்பைமேட்டை மண்ணடித்து மூடி, அதன் மேல் பிளாக்கை எழுப்பி, அதன் நடுவிலேயே ஆழ்துளை போட்டு உறிஞ்சி மேலேற்றுகிற தண்ணீர். அதில் துவைத்தால் வெள்ளைச் சட்டை மூன்றாம் மாதம் டீ நிறத்துக்கு வந்துவிடும். பக்கெட்டின் உள்பக்கம் எத்தனை தேய்த்தாலும் போகாத பழுப்பு வளையம் விழும். ஆற்றோரத்திலிருந்து மூட்டை முடிச்சோடு இங்கே கொண்டுவந்து இறக்கப்பட்ட முதல் வருஷம், வேறு வழியில்லாமல் எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள். அந்த வருஷமும் அடுத்த வருஷமுமாக மூன்று பேருக்குச் சிறுநீரகம் போனது. மூன்றாவது ஆள் ஜெகதாவின் வீட்டுக்காரர் ஏழுமலை. கால் வீங்கி, முகம் வீங்கி, கடைசியில் தன் சட்டை தனக்கே போட முடியாமல் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் பெண்கள் எல்லோரும் நடுரோட்டில் போய் உட்கார்ந்தார்கள். நாலு நாள் உட்கார்ந்த பிறகு இந்த லாரி வந்தது.

அந்த லாரியைத்தான் இப்போது நிறுத்தப்போகிறார்கள். அதுவும் ஒரு கீரையின் பேச்சைக் கேட்டு.

சன்னல் கீரை என்பது வேறொன்றும் இல்லை, வெளிநாட்டில் கிரெஸ் என்கிறார்களே, அதுதான். கடுகு வகை. செம்பழுப்பாகப் பொடி விதை. தண்ணீர் பட்டால் சப்ஜா விதை மாதிரி வழவழவென்று கோந்து கட்டிக்கொள்ளும். மண் வேண்டாம், உரம் வேண்டாம். ஸ்வீட் டப்பா மூடியில் ஈரப்பஞ்சைப் பரப்பி, விதையைத் தூவிச் சன்னலில் வைத்தால் இரண்டாம் நாள் முளைக்கும், ஏழாம் நாள் விரல் உயரத்துக்கு வந்துவிடும். கத்தரியால் நறுக்கித் தோசைமேல் தூவினால் முள்ளங்கி மாதிரி மூக்கில் சுரீரென்று ஏறும்.

அந்த விதைக்குள் எங்கேயோ ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் கை வைத்திருந்தார்கள். உடம்புக்கு ஆகாத உலோகம் கலந்த தண்ணீரைக் குடித்தால் இலை பீட்ரூட் மாதிரி சிவக்கும். நல்ல தண்ணீர் என்றால் பச்சையாகவே இருக்கும். நகர் நீர்ச் சான்று வாரியம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தட்டும் விதைப் பொட்டலமும் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் காலை பத்து மணிக்குத் தெருவிளக்குக் கம்பத்திலிருந்து ஒரு கேமரா தொண்ணூற்றாறு சன்னல்களையும் வரிசையாகப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை புது விதை. பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போக ஆள் வேண்டாம், சோதித்துச் சொல்ல அதிகாரி வேண்டாம்.

பிளாக்குக்கு ஒரு 'கீரைத்தோழி' வேண்டும் என்றபோது முதலில் கை தூக்கியவள் ஜெகதா. சம்பளம் கிடையாது, ஒரு பச்சைத் தொப்பி மட்டும் கொடுத்தார்கள். அவளுக்கு அது போதும். ஏழுமலையை எது கொன்றது என்று டாக்டர் எழுதித் தரவில்லை. வாரியத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு செடியாவது சொல்லட்டும் என்றுதான் அவள் வீடு வீடாக ஏறி இறங்கி விதை தூவக் கற்றுக்கொடுத்தாள்.

செடி சொல்லிவிட்டது. பன்னிரண்டு வாரமும் பச்சை என்று.

குடத்தை வீட்டில் போட்டுவிட்டு அவள் நேரே மண்டல அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஆறாம் பிளாக்கைப் பார்த்துக்கொள்கிறவர் திவாகர் என்ற அதிகாரி. முப்பது முப்பத்திரண்டு வயது, மரியாதை தெரிந்தவர். அந்த மரியாதையே அன்று ஜெகதாவுக்கு எரிச்சலாக இருந்தது.

"உக்காருங்கம்மா" என்றார் திவாகர். "பன்னெண்டு வாரம், தொண்ணூத்தாறுக்குத் தொண்ணூத்தாறு பச்சை. இந்த மண்டலத்துலயே உங்க பிளாக்தான் முதல்."

"அத்த சொல்லத்தான் வந்தேன் சார். அந்தத் தண்ணி எங்கூட்டு ஆள சாவடிச்ச தண்ணி. அது எப்டி நல்ல தண்ணியாச்சு?"

"உங்க கஷ்டம் புரியுது. ஆனா நான் பார்த்துச் சொன்னா அது என் அபிப்பிராயம். நீங்க சொன்னா அது புகார். கீரை சொன்னாதான் சான்று. கீரைக்கு யார் மேலயும் பாசமும் இல்ல, பயமும் இல்ல. அதனாலதான் இந்தத் திட்டமே வந்துச்சு."

"மிஷினு தப்பாப் பாத்திருந்தா?"

"அந்த கேமரா உங்க கொடியில காயற துண்டு என்ன நிறம்னுகூடச் சொல்லும்மா." திவாகர் மேஜையிலிருந்து துண்டறிக்கையை எடுத்துப் படித்தார். "'நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரையே கீரைக்கும் ஊற்றவும்.' அப்படித்தானே ஊத்துறீங்க?"

"அப்டித்தான் சார் ஊத்துறோம். எழுதிக் குடுத்தத செய்யாம இருப்போமா?"

"அப்ப தண்ணி நல்லாயிருக்குன்னுதான் அர்த்தம். நிலத்தடியில என்ன மாறுச்சுன்னு நமக்குத் தெரியாது இல்லையா?"

ஏழுமலை செத்து மூன்று வருஷத்தில் நிலத்தடி திருந்திவிட்டதாம். ஜெகதா எழுந்து வந்துவிட்டாள். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் அந்த மேஜையைப் புரட்டியிருப்பாள்.

மறுநாள் காலை சமையலறையில் நின்று அரிசி கழுவினாள். இரண்டாம் கழுவல் தண்ணீரைச் சிறு கிண்ணத்தில் வடித்தாள். கிண்ணத்தோடு சன்னலுக்குப் போய்க் கீரைத் தட்டின் ஓரத்தில் சாய்த்தாள். பன்னிரண்டு வாரமாக தினமும் செய்கிற காரியம், கை தானாகவே செய்யும். பாதி ஊற்றும்போது கை நின்றது.

அரிசியை அவள் குழாய்த் தண்ணீரில் கழுவுவதில்லை. இந்தப் பிளாக்கில் யாருமே கழுவுவதில்லை. வாயில் படுகிற எதற்கும் லாரித் தண்ணீர்தான். அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட எந்தப் பெண்ணுக்கும் மனசு வராது. செடி இருக்கிற வீட்டில் அது செடிக்குத்தான் போகும். துண்டறிக்கை 'பயன்படுத்தும் தண்ணீர்' என்றது. அவர்களைப் பொறுத்தவரை குழாயில் வருவது கழுவி ஊற்றுகிற தண்ணீர். பயன்படுத்துகிற தண்ணீர் என்றால் குடத்தில் இருப்பதுதான். எழுதினவன் குழாயை நினைத்து எழுதினான், படித்தவர்கள் குடத்தை நினைத்துப் படித்தார்கள். பன்னிரண்டு வாரமாகத் தொண்ணூற்றாறு கீரையும் குடித்தது லாரித் தண்ணீரை. லாரித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுத்தான் லாரியை நிறுத்துகிறார்கள்.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் எல்லோரையும் உட்கார வைத்து, பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு, "அரிசி கழுவுன தண்ணி ஊத்துங்கடி, தளதளன்னு வரும்" என்று சொன்னவள் அவள்தான். ஏழுமலையைக் கொன்ற தண்ணீருக்கு நற்சான்று வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். ஜெகதா கிண்ணத்தைச் சுவரில் விட்டெறிந்தாள். அது எவர்சில்வர், உடையக்கூட இல்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கனகவல்லி வந்தாள். ஜெகதாவுக்கு இரண்டு வயது சின்னவள், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கட்டிட வேலைக்கு வந்து முப்பது வருஷமாக இந்த நகரத்திலேயே தங்கிவிட்டவள். ஏழு மாதக் கர்ப்பிணி மகளை மசக்கையிலேயே வீட்டில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

ஜெகதா விஷயத்தைச் சொன்னாள். கனகவல்லி திடுக்கிடவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அதைப் பார்த்ததும் ஜெகதாவுக்குச் சந்தேகம் வந்தது.

"இன்னாடி? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தண்ணி விஷயம் தெரியாதுக்கா. ஆனா மொதத் தடவ நான் குழாத் தண்ணிதான் ஊத்தினேன். நாலாம் நாளு செவசெவன்னு வந்துருச்சு. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு. எங்க ஊர்ல முளப்பாரி கருகுனாலே வீட்டுக்கு ஆகாதுன்னு சாமி முன்னாடி வைக்க மாட்டாங்க. இது ரத்த நெறத்துல நிக்குது. தூக்கிக் கொட்டிட்டு, ஒங்கிட்ட மிச்ச வெதை வாங்கிட்டுப் போயி நல்ல தண்ணியில போட்டேன். குட்டையா வந்தாலும் பச்சையா வந்துச்சு."

"நீ மட்டுமா?"

"கீழ் வீட்டுப் பிலோமினா, எதிர்ல மும்தாஜு, எல்லாருந்தான். சன்னல்ல செவப்பு நின்னா போற வர்றவங்க என்ன நெனைப்பாங்க? அந்த வீட்ல என்ன பாவமோன்னு பேசமாட்டாங்களா?"

முதல் வாரமே செடி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறது. சொன்ன வாயைப் பொத்திக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, அழகான பச்சையை வாங்கிச் சன்னலில் நிறுத்தியிருக்கிறார்கள். மானம் போய்விடுமாம்.

"வர்ற ஞாயித்துக்கிழம போடற வெதைக்கு எல்லாரும் குழாத் தண்ணிதான் ஊத்தணும்" என்றாள் ஜெகதா. "நீயும்தான்."

"என் வீட்ல வேணாங்க்கா. மகளுக்கு நல்லபடியா ஆகட்டும். தொண்ணூத்தஞ்சு போதாதா?"

"லாரி நின்னா உம் மவ எந்தத் தண்ணியக் குடிப்பா? சன்னல்ல செவப்பு ஆவாது, அவ வவுத்துல இருக்கிறது அத்த குடிச்சா ஆவுமா?"

கனகவல்லி அழுதாள். ஜெகதா அவளைத் தேற்றவும் இல்லை. அன்று அவளிடம் தேற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஒன்றாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு வெள்ளிக்கிழமைதான் பாக்கி இருந்தது. ஜெகதா ஞாயிறன்று தொண்ணூற்றாறு வீட்டுக் கதவையும் தட்டினாள். சில வீட்டில் கெஞ்சினாள், சில வீட்டில் திட்டினாள். ஒரு வீட்டில் தட்டை அவளே பிடுங்கிக் குழாயடியில் பிடித்தாள். சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் தனியாக இன்னொரு மூடியில் நல்ல தண்ணீர் ஊற்றிச் சமையலறையில் வைத்துக்கொள்ளுங்கள், சன்னலில் நிற்பது மட்டும் குழாய்த் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை ஓரங்கள் சிவந்தன. வெள்ளிக்கிழமை காலை அவள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். நாலு மாடியும் சிவப்பு. கனகவல்லியின் சன்னலும் சிவப்பு. ஒரு பிளாக் முழுக்க வாயைத் திறந்து உண்மையைச் சொன்னது போல இருந்தது. பத்து மணிக்குக் கேமரா கழுத்தைத் திருப்பி ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்ததும் பெண்கள் கைதட்டினார்கள். ஜெகதா, ஏழுமலை போன பிறகு முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் திவாகர் வந்தார். வண்டியை விட்டு இறங்கி மேலே பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பன்னெண்டு வாரம் பச்சையா இருந்துச்சு. இப்ப எப்படிம்மா?" என்றார்.

ஜெகதா எதையும் மறைக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், கொட்டப்பட்ட சிவப்புக் கீரை, தன் பச்சைத் தொப்பிப் பிரசங்கம், எல்லாவற்றையும் சொன்னாள். திவாகர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நம்பறேன்" என்றார். "நீங்க சொல்றதுதான் நிஜம். ஆனா இதுக்கப்புறம் என்ன ஆகும்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?"

"லாரி நிக்காது. வேறின்னா?"

"இல்லம்மா. நூத்துக்கு எண்பதுக்கு மேல பச்சை வந்தா தண்ணி நல்லது, லாரி வேண்டாம். எண்பதுக்கு மேல சிவப்பு வந்தா அந்த இடமே மனுஷங்க வாழத் தகுதியில்லாத இடம். தொண்ணூறு நாள்ல காலி பண்ணணும். எல்லாருக்கும் வேற இடம் குடுப்பாங்க."

"எங்க?"

"இங்கிருந்து இன்னும் நாப்பது கிலோமீட்டர் தெக்கால. கட்டிட்டு இருக்காங்க."

பெண்கள் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் நகரத்தில் வீட்டுவேலை செய்கிறவர்கள். இப்போதே விடியற்காலை பஸ் பிடித்து ஒன்றரை மணிநேரம் நின்றுகொண்டு போகிறார்கள். இன்னும் நாற்பது கிலோமீட்டர் என்றால் வேலை போயிற்று. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிற்று. ஆற்றோரத்திலிருந்து ஒரு தடவை வேரோடு பிடுங்கப்பட்டவர்கள், ஆறு வருஷத்தில் மறுபடியும்.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னா தண்ணியத்தானே சரி பண்ணணும்?" என்றாள் ஜெகதா. "சுத்தம் பண்ற மிஷினு வைக்கக்கூடாதா? நல்ல தண்ணிக்கு ஒரு பைப்பு இழுக்கக்கூடாதா? ஆள எதுக்குத் தூக்கிப் போடறீங்க?"

"அந்த வழி திட்டத்துல இல்லம்மா. பச்சைக்கு ஒரு உத்தரவு, சிவப்புக்கு ஒரு உத்தரவு. ரெண்டையும் மென்பொருள் தானே போட்டுடும். யாரும் கையெழுத்துகூடப் போட வேண்டாம்."

"எந்தப் படுபாவி சார் இத்த எழுதினான்? அவனுக்குத் தண்ணியும் நாங்களும் ஒண்ணா?"

"எழுதினவங்க இங்க வந்ததே இல்லம்மா." திவாகர் தரையைப் பார்த்துச் சொன்னார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கேமரா இன்னொரு தடவை பார்க்கும். மாற்றம் பெரிசா இருந்தா உறுதிப்படம்னு ஒண்ணு எடுக்கும். அதுல வர்றதுதான் கணக்கு. அதுக்குள்ள நீங்க கீரைத்தோழிங்கிற முறையில 'வீட்டுக்காரங்க தப்பா ஊத்திட்டாங்க'ன்னு பதிவு பண்ணினா இந்த வாரம் செல்லாது. பழைய பன்னெண்டு வாரப் பச்சை நிக்கும்."

"லாரியும் நின்னுடும்."

"ஆமா."

யாரோ பின்னாலிருந்து, பச்சைன்னே போட்டுடு ஜெகதா, தண்ணியக் காய்ச்சிக் குடிச்சுக்கலாம் என்றார்கள். காய்ச்சினால் உலோகம் போகாது என்று ஜெகதாவுக்குத் தெரியும். ஏழுமலைக்கு அவள் ஒரு வருஷம் காய்ச்சித்தான் கொடுத்தாள். இன்னொருத்தி, செவப்பே இருக்கட்டும், உயிராவது மிஞ்சும் என்றாள். உடனே நாலு பேர் அவள்மேல் பாய்ந்தார்கள். நேற்றுவரை ஒன்றாகக் கீரை போட்டவர்கள் படிக்கட்டில் நின்று ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள். ஜெகதாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. இவர்களை இப்படிக் கடித்துக்கொள்ள வைத்தவன் எங்கேயோ குளிர்ந்த அறையில் நல்ல தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான்.

அவள் எல்லோரையும் கையமர்த்திவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"பச்சைக்கு ஒண்ணு சொன்ன, செவப்புக்கு ஒண்ணு சொன்ன. ரெண்டும் கலந்து வந்தா இன்னா சார் பண்ணும் உம் மிஷினு?"

திவாகர் படியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எண்பதுக்குக் கீழ எது வந்தாலும் 'தெளிவில்லை'ன்னு வரும். மறுபடி விதைக்கச் சொல்லும். தெளிவாகுற வரைக்கும் இப்ப இருக்கிற ஏற்பாடு அப்படியே ஓடும்."

"லாரியும் ஓடும்."

"லாரியும் ஓடும்."

"எத்தினி வாட்டி மறுபடி விதைக்கலாம்?"

"அதுக்கு உச்சவரம்பு எதுவும் எழுதலம்மா. தெளிவில்லாம யாராவது வேணும்னே இருப்பாங்கன்னு அவங்க யோசிக்கல." அவர் எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். "எனக்கு மூணாம் பிளாக்குல வேலை இருக்கு. அஞ்சு மணிக்கு மேல வர்றேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். சரிபாதியா வந்தா சந்தேகம் வரும். முன்னப்பின்ன இருக்கட்டும்."

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் ஜெகதா படியேற ஆரம்பித்துவிட்டாள். கீரை ஏழு நாள் பயிர், ஐந்து மணிக்குள் புதிதாக எதுவும் முளைக்காது. ஆனால் சமையலறைகளில் தோசைக்காகத் தனியாகப் போட்ட மூடிகள் இருந்தன. நல்ல தண்ணீர் குடித்தவை. டிபன் பாக்ஸ் மூடி, குங்குமத் தட்டு, பழைய கேக் டப்பா என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வீட்டுக்கு வீடு கைமாற்றி, வாரியம் கொடுத்த தட்டுக்குப் பஞ்சோடு பெயர்த்து மாற்றி, எந்தச் சன்னலில் எது நிற்க வேண்டும் என்று ஜெகதா வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். சிவப்பு வைக்க யாருக்கும் விருப்பமில்லை. அப்போது கனகவல்லி வந்து, "என் சன்னல்ல செவப்பே இருக்கட்டுங்க்கா, மாத்தாத" என்றாள். அதற்குப் பிறகு யாரும் தகராறு பண்ணவில்லை.

ஐந்து மணிக்குக் கேமரா பார்த்தது. ஐம்பத்திரண்டு சிவப்பு, நாற்பத்து நாலு பச்சை. ஜெகதாவின் போனில் செய்தி வந்தது. தெளிவில்லை. மீண்டும் விதைக்கவும்.

ஒன்றாம் தேதி லாரி வந்தது. வாழ்த்துச் சொல்லவில்லை, பேசாமல் குழாயை நீட்டியது.

அப்படித்தான் பதினாலு மாதம் ஓடியது. ஞாயிறுதோறும் ஜெகதா யார் வீட்டில் இந்த வாரம் சிவப்பு என்று முறை சொல்வாள். ஒரு வாரம் நாற்பது, ஒரு வாரம் அறுபது. கனகவல்லியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து, தவழ்ந்து, லாரித் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி குடித்து நன்றாகவே இருந்தது. திவாகரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது சொல்லிக்கொண்டு போனார்.

பிளாக்கில் எல்லோரும் ஜெகதாவைக் கெட்டிக்காரி என்றார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். என்ன கெட்டிக்காரத்தனம்? நிலத்தடியில் அதே விஷம் அப்படியே கிடக்கிறது. உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே வாய் அந்தச் செடி. அதை முழுசாகப் பேசவிட்டால் வீடு போகும், வாயை அடைத்தால் உயிர் போகும் என்பதால் வாரா வாரம் பாதி உண்மை பேச அவளே பழக்கிக்கொண்டிருக்கிறாள். ஏழுமலை எதனால் செத்தார் என்று எந்தக் காகிதத்திலும் இனி எழுதப்படாது. எழுத முடியாதபடி பார்த்துக்கொள்வதுதான் இப்போது அவள் வேலை.

பதினைந்தாம் மாதம் வாரியத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வந்தார். நாலு நாள் தங்கினார், சன்னல்களை அளந்தார், வெயிலை அளந்தார், பஞ்சைப் பிரித்துப் பார்த்தார், ஆழ்துளைக் கிணற்றின் பக்கம் மட்டும் போகவில்லை. மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. ஆறாம் பிளாக்கின் முடிவுகள் நிலையில்லாமல் இருப்பதற்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாம். இங்குள்ள பெண்களுக்குக் கீரை வளர்க்கத் தெரியவில்லையாம். கவனக்குறைவாம். அடிப்படைப் பயிற்சி தேவையாம்.

பயிற்சி வகுப்பு சமுதாயக்கூடத்தில் நடந்தது. தொண்ணூற்றாறு வீட்டுக்கும் ஒருத்தி வரவேண்டும் என்று உத்தரவு. ஜெகதா முதல் வரிசையில் உட்கார்ந்தாள், பக்கத்தில் கனகவல்லி, மடியில் பேத்தி. நகரத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், கஞ்சி போட்ட சட்டைக்காரர், ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது தட்டு. இதுல பஞ்சு வைக்கணும். பஞ்சு நனையணும், மிதக்கக் கூடாது. விதையை ஒண்ணு மேல ஒண்ணு போடக் கூடாது. புரியுதா?"

அவர் விதையைக் கொத்தாகப் போட்டார். அத்தனையும் ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கப்போகிறது என்று அங்கிருந்த தொண்ணூற்றாறு பேருக்கும் தெரிந்தது. தண்ணீரை மேலிருந்து மடமடவென்று ஊற்றினார். கோந்து கட்டிய விதை ஒரு மூலைக்கு ஓடிச் சேர்ந்தது. ஜெகதாவின் கை, எழுந்துபோய் அந்தத் தட்டைப் பிடுங்கச் சொல்லித் துடித்தது. அவள் அதை மடியில் வைத்து இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாய்க்குள் வந்த கெட்ட வார்த்தையைப் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

பயிற்சியாளர் ஒரு காகிதத்தை எடுத்தார். "எல்லாருக்கும் புரிஞ்சுதுன்னா வகுப்பு முடிஞ்சுது. அடுத்த வாரத்துல இருந்து உங்க ரிசல்ட் தெளிவா வந்துடும், அப்படித்தானே? பிளாக் சார்பா ஒருத்தர் 'புரிந்தது'ன்னு கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் பயிற்சி நடந்துட்டு இருக்குன்னுதான் கணக்கு. கீரைத்தோழி யாரு?"

ஜெகதா எழுந்து நின்றாள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, குரலை ஒன்றும் தெரியாதவள் குரலாக இறக்கிக்கொண்டாள்.

"புரியல சார். இன்னொரு வாட்டி மொதல்லேருந்து சொல்லுங்க."